கடைமடைக்கு ஒதுக்கிய ஆறு நாள்

உட்காருங்க சார். அது ஆடும், இந்த நாற்காலியில உட்காருங்க. பேப்பரை அப்படியே மடியில வச்சுக்குங்க, பேனா இப்ப வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. பதினெட்டு வருஷம் அந்த ரெகுலேட்டர்ல காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் தண்ணி மட்டம் பார்த்து எழுதுனது நாந்தான். போடறேன். ஆனா அதுல அஞ்சு நாள் பொய்யா எழுதியிருக்கேன். அந்த அஞ்சு நாளை அடிச்சிட்டு மத்ததுக்குப் போடறேன்.

நீங்க இப்படிப் பார்ப்பீங்கன்னு தெரியும். போன தடவை உங்க காலேஜ்லேருந்து வந்தவங்க, சவுரிராஜன் பதிவேடுதான் இந்தத் தாலுகாவுலயே சுத்தம், ஒரு நாள் விடுபடலன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது நெசம். எங்க அம்மா செத்த அன்னிக்குக்கூட காலையில மட்டம் பார்த்து, ஆபீசுக்குப் போன்ல நம்பர் சொல்லிட்டுத்தான் காரியத்துக்குப் போனேன். ஒரு நாள் விடுபடல. பொய் எழுதுன நாள்லயும் விடுபடல.

அவசரமில்லையே? சரி. காபி வருது. சொல்லிடறேன்.

நான் லஸ்கர் சார். பெரிய உத்தியோகம் ஒண்ணும் இல்ல. ஷட்டரை ஏத்தணும், எறக்கணும், தண்ணி மட்டம் பார்க்கணும், பூட்டுச் சாவிய இடுப்புல வச்சுக்கணும். அவ்வளவுதான். எங்க ரெகுலேட்டர்ல, அதான் தண்ணியப் பிரிச்சு விடற மதகுல, ஆறு நேரா கெழக்க போவுது. வலது கைப்பக்கம் ஆலந்திடல் வாய்க்கால் பிரியுது. ஆலந்திடல் கிட்டத்துலயே, ரெண்டு மைல். ஆத்தோட போனா கடைசி ஊரு வெள்ளிக்கரம்பை. இருபத்தாறு கிலோமீட்டர். அதுக்கு அங்கிட்டு கடல்தான். வாய்க்கால் ஷட்டரைத் தூக்குனா ஆலந்திடலுக்குத் தண்ணி. அதை மூடுனா வெள்ளிக்கரம்பைக்குத் தண்ணி. ஆத்துல நெறைய வர்ற வருஷத்துல ரெண்டு ஊரும் லஸ்கர்னு ஒருத்தன் இருக்கானான்னுகூட கேக்காது. கொறையற வருஷத்துலதான் என் பேரு எல்லாருக்கும் தெரியும்.

நான் பொய் எழுதுன அந்த வருஷம், ஐப்பசியில ஒரே நாள்ல கொட்டித் தீர்த்துச்சு. அவ்வளவும் கடலுக்குப் போச்சு. அதுக்கப்புறம் கார்த்திகை முழுக்க வானம் வெள்ளையா கெடந்துச்சு. மார்கழியில வேர்த்துப் பார்த்திருக்கீங்களா சார்? எங்களுக்கு வேர்த்துச்சு. மத்தியானம் ரெகுலேட்டர் கைப்பிடி இரும்பைத் தொட முடியாது, துணி சுத்தித்தான் பிடிக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல எங்ககிட்டத் தொறந்தா மூணாம் நாள் வெள்ளிக்கரம்பையில தண்ணி நிக்கும். இப்ப நாலு ஆவுது, அஞ்சு ஆவுது. காஞ்ச மணலு மொதல்ல தன் வயித்த நெப்பிக்கிட்டுத்தான் மேற்கொண்டு விடும். வெயில் கூடிப்போச்சு. அதை நான் இல்லேங்கல. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.

அணையில இருந்ததே கொஞ்சம். மார்கழி கடைசியில, இதுதான் கடைசித் தண்ணி, பத்து நாளைக்கு விடறோம், அப்புறம் மூடிடுவோம்னு சொல்லிட்டாங்க. அப்ப எங்களுக்கு எஞ்சினியரா இருந்தவங்க அருள்மொழி மேடம். சின்ன வயசுதான், ஆனா நேர்மையானவங்க. ரெண்டு ஊருக்காரங்களையும் வரச்சொல்லி நின்னபடியே பேசுனாங்க. ஆலந்திடல்ல கதிர் பால் பிடிச்சாச்சு, கொஞ்ச நாள் தாங்கும். வெள்ளிக்கரம்பையில பிந்தி வெதைச்சாங்க, இப்பத்தான் கதிர் வெளிய வருது, இந்த வாரம் தண்ணி இல்லன்னா ஒரு மணிகூட தேறாது. அதனால மொத ஆறு நாள் கடைமடைக்கு. அடுத்த நாலு நாள் ஆலந்திடலுக்கு. சரியான கணக்குத்தான் சார். நான் பக்கத்துலயே நின்னேன். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

இப்ப கோதண்டபாணியப் பத்திச் சொல்லணும். ஆலந்திடல்ல பெரிய சாகுபடிக்காரரு. எம் பொண்ணு மங்கைய அவரு மகனுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கேன். லஸ்கர் வீட்டுப் பொண்ணை அந்த மாதிரி வீட்ல எடுக்கிறது சின்ன விஷயமில்ல. ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் வச்சிருக்காங்க. ஆனா நான் அந்த வீட்டுக்குப் போனா வாசல் பக்கத்து நாற்காலிதான். உள்ள வாங்க சம்பந்தின்னு கூப்பிடுவாரு, நான் போறதுக்குள்ள வேற யாரோடயாவது பேச ஆரம்பிச்சிடுவாரு. வேணும்னு செய்யறதில்ல. அவரு சுபாவம் அது.

மேடம் பேசிட்டுப் போன அன்னிக்கு மறுநாள் பேரனுக்குக் காது குத்து. பந்தியில பேச்சு பூரா தண்ணிதான். ஆறு நாள் கழிச்சு நம்ம முறை வர்றப்ப அணைய மூடிட்டா என்ன செய்யறதுன்னு ஒருத்தரு கேட்டாரு. முன்னாடி ஒரு தடவை அப்படி நடந்திருக்கு. உடனே எல்லாரும் அதையே பேசறாங்க. அப்ப கோதண்டபாணி எழுந்து வந்து, எல்லாரும் பார்க்க என் தோள்ல கையப் போட்டாரு.

"சாவி நம்ம வீட்லதானய்யா இருக்கு. ஏன் பயப்படறீங்க?"

அவ்வளவுதான் சொன்னாரு. சிரிச்சாங்க. அப்புறம் அவரே எனக்கு எலையில பாயசம் ஊத்துனாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த எங்கிட்டப் பேசல. தொறன்னு சொல்லல, ஜாடைகூடக் காட்டல. நான்தான் அந்தக் கை என் தோள்ல இருந்தத ராவும் பகலும் நெனச்சுக்கிட்டே இருந்தேன்.

மறுநாள் காலையில வாய்க்கால் ஷட்டரை எறக்கிப் பூட்டி, கடைமடைக்குத் தண்ணிய விட்டேன். மொத நாள் ஒழுங்கா இருந்தேன். ரெண்டாம் நாள் மத்தியானம், ரெண்டு மணி இருக்கும். ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. வெயிலுக்கு ஆடுகூட பாலத்து அடியில நிக்குது. பூட்டைத் தொறந்து, துண்டைச் சுத்திக்கிட்டு, கைப்பிடிய மாட்டி ஏத்துனேன். நாலு வெரக்கடை ஏத்துனேன்.

இல்ல சார். நாலு வெரக்கடைன்னுதான் வீட்லயும் சொன்னேன். ஒரு சாண் ஏத்துனேன். நல்லா விரிச்ச சாண்.

அடியில தண்ணிக்குள்ளதான் தொறக்கும், மேலேருந்து பார்த்தா மூடுன மாதிரியே இருக்கும். வாய்க்கால் பூரா காட்டாமணக்கு மண்டிக் கெடக்கு, ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேக்கும். ஆத்துல மட்டம் சாயங்காலத்துக்குள்ள ரெண்டரை அடிக்கு எறங்கிடுச்சு. காலையில மூணே காலு இருந்துச்சு. ஆறு மணிக்கு ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. மூணே காலுன்னு சொன்னேன். அதையே நோட்டுலயும் எழுதுனேன். அப்புறம் நாலு நாளும் அதேதான், சில நாள் மூணு ஒண்ணுன்னு கொஞ்சம் மாத்தி எழுதிக்கிட்டேன். ஒரே நம்பரா இருந்தா சந்தேகம் வருமில்ல.

காபி ஆறுது பாருங்க. குடிங்க.

நாலாம் நாள் பதினோரு மணி வாக்குல, ஆத்தங்கரை மேல ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு டிவிஎஸ் வண்டி, அதைத் தள்ளிக்கிட்டு வர்றாரு ஒரு பெரியவரு. பக்கிரிசாமின்னு பேரு, அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். முன்னால ஒரு பொம்பள, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், தலையில துண்டு கட்டி, கையில ஒரு மூங்கில் குச்சி. குச்சியில அடி அடியா சுண்ணாம்பு அடையாளம். வழியில ஒவ்வொரு பாலத்துலயும் எறங்கி ஆழம் பார்த்துக்கிட்டே வந்திருக்காங்க.

"அண்ணே, நாங்க வெள்ளிக்கரம்பை," அப்படின்னாங்க. "தண்ணியக் கூட்டிட்டுப் போவ வந்தோம்."

அங்க அப்படித்தான் சொல்லுவாங்க சார். தண்ணி வரத் தாமதமானா ஊர்லேருந்து ரெண்டு பேரு கரையோட மேல வருவாங்க. எங்க தங்குது, எவன் எஞ்சின் வச்சு உறிஞ்சுறான், எந்த மதகு ஒழுவுதுன்னு பார்த்துக்கிட்டே வந்து, திரும்பத் தண்ணிகூடவே நடந்து போவாங்க. அந்தப் பொம்பள பேரு தமயந்தி. புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. இது குத்தகைக்கு எடுத்து ஒத்தையா சாகுபடி பண்ணுது. அந்த வருஷம் ஊரே இந்தப் பொம்பளையத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கு. பேச்சு சுத்தமா இருக்கும், எதையும் கண்ணால பார்க்காம சொல்லாதுன்னு.

நாலாவது பாலத்துல முழங்கால் தண்ணிதாண்ணே இருக்கு, நீங்க எவ்வளவு விடறீங்கன்னு கேட்டுச்சு. மூணே கால் அடின்னேன். எங்க மட்டக் கல்லுல பெயிண்டு போயி ரொம்ப நாள் ஆச்சு, பாசி வேற. நான் படிச்சுச் சொன்னாத்தான் நம்பர். அது கல்லைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு, தலையாட்டிக்கிச்சு.

அப்புறம் எங்கதான்ணே போவுது தண்ணின்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். ஆறு ஒரு மாசமா காஞ்சு கெடந்துச்சு, வெடிப்புல என் கையே உள்ள போச்சு, மணலு குடிக்குது, மேல வெயிலு குடிக்குது, முன்ன மாதிரி காலம் இல்லம்மான்னு. நல்லாப் பேசுனேன் சார். அதுல ஒண்ணுகூடப் பொய் இல்ல பாருங்க. மணலு குடிச்சுது. வெயிலும் குடிச்சுது. அதுகளுக்கு நடுவுல நான் ஒரு சாண் எடுத்ததை மட்டும் சொல்லல.

பக்கிரிசாமி, வெயில்தான்னு சொல்லிட்டு நெழல்ல உட்கார்ந்துட்டாரு. தமயந்தி உட்காரல. பாலத்து மேல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துச்சு. வாய்க்கால் பக்கம் வந்து நின்னு காதைக் குடுத்துக் கேட்டுச்சு.

"அண்ணே, இது மூடித்தானே இருக்கு? அடியில சலசலன்னு கேக்குதே?"

"கசிவும்மா. அடி ரப்பர் போயி நாலு வருஷமாச்சு. எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"ஒரு சாக்குல மண்ணக் கட்டி வச்சு அடைச்சா நிக்குமாண்ணே? நான் எறங்கி வைக்கறேன். எனக்கு நீச்சல் தெரியும்."

சொல்லிக்கிட்டே புடவையத் தூக்கிச் செருகுது. நான் குறுக்க போயி நின்னேன். வேண்டாம்மா, இழுத்துடும், போன வருஷம் ஒரு மாடு போயிடுச்சு, நான் சாயங்காலம் ஆள் வச்சு அடைக்கறேன்னு என்னென்னமோ சொன்னேன். மாடும் போவல, ஒண்ணும் போவல. அது கொஞ்ச நேரம் தண்ணியவே பார்த்துட்டு, சரிண்ணே, நீங்க சொன்னா சரின்னு செருகுன புடவைய எறக்கி விட்டுச்சு.

காலையிலேருந்து அவங்க ஒண்ணும் சாப்பிடல. என் சாப்பாட்டுத் தூக்கைத் தொறந்து ரெண்டு பேருக்கும் வச்சேன். புளிச்சோறும் வாழைக்காய் வறுவலும். தமயந்தி, நீங்க என்னண்ணே சாப்பிடுவீங்கன்னு கேட்டுச்சு. எனக்குப் பசிக்கலம்மான்னேன். நெசமாவே பசிக்கல. அவங்க சாப்பிடறாங்க, நாங்க உட்கார்ந்திருந்த எடத்துக்கு நேர் கீழதான் தண்ணி ஆலந்திடலுக்குப் போவுது. பெரியவரு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

போறப்ப தமயந்தி கையெடுத்துக் கும்பிட்டுச்சு. "நீங்க இங்க இருக்கீங்க, அதுவே போதும்ணே. ஊர்ல போயி சொல்றேன்."

அவங்க கரை வளைவுல மறையற வரைக்கும் நின்னேன். அப்புறம் கைப்பிடிய எடுத்து மாட்டுனேன் சார். சத்தியமா மாட்டுனேன். எறக்கியிருந்தா ரெண்டு நாள் முழுத் தண்ணி போயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது, எழுதுன நம்பர்கூட நெசமாயிருக்கும். ஒரு தடை இல்ல. ஆனா எறக்கல. கைப்பிடியக் கழட்டிக் கீழ வச்சிட்டேன். ரெண்டு நாள்தானேன்னு நெனச்ச ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஆறாம் நாள் சாயங்காலம் வெள்ளிக்கரம்பைக்கு கணுக்கால் அளவு தண்ணி போயிருக்கு. வயலுக்கு ஏறல. ஏறாத தண்ணி இருந்தென்ன. நல்ல தண்ணி எறங்கி வந்தாத்தான் அங்க கடல் தண்ணி பின்வாங்கும். அந்த வருஷம் உப்பு உள்ள வந்துடுச்சு. கதிர் வெளிய வந்துச்சாம், வெள்ளை வெளேர்னு, உள்ள பால் இல்லாம. பதினைஞ்சு நாள்ல மாட்டை அவுத்து வயல்ல மேய விட்டுட்டாங்க. ஊர்க் குளத்துத் தண்ணியும் கரிச்சுப் போயி மாடு மோந்து பார்த்துட்டு வந்துச்சுன்னு சொன்னாங்க.

ஆலந்திடலுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா? ஏழாம் நாள் அவங்க முறை வந்துச்சு. அணைய மூடல. சொன்ன மாதிரி நாலு நாளும் முழுசா விட்டாங்க. அவங்க தண்ணி அவங்களுக்கு வந்துச்சு சார். நான் எடுத்துக் குடுத்தது அவங்களுக்குத் தேவையே இல்ல. மிச்சம் வடிகால்ல போச்சு.

மாசியில கோதண்டபாணி வீட்லேருந்து புது அரிசி ஒரு மூட்டை வந்துச்சு. ஷட்டருக்காக இல்ல, வருஷா வருஷம் வர்றதுதான். நான் யாருகிட்டயும் ஒரு டீகூட வாங்கிக் குடிச்சவனில்ல, நீங்க விசாரிச்சுப் பாருங்க. வீட்ல பொங்கல் வச்சாங்க. சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அதோட போயிருந்தா நான் மறந்திருப்பேனோ என்னமோ. ஆடி மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. உங்க காலேஜ்காரங்களும் வந்திருந்தாங்க. அருள்மொழி மேடம் திரையில படம் காட்டி விளக்கமா சொன்னாங்க. தலைப்புல, அதான் எங்க ரெகுலேட்டர்ல, மூணே கால் அடி விட்டிருக்கோம், கடைசியில கணுக்கால் அளவுதான் போயிருக்கு, பாதிக்கு மேல வழியிலேயே போயிடுது, வெயில் கூடக்கூட இது இன்னும் கூடும். அதனால இனிமே தண்ணி கொறைஞ்ச வருஷத்துல கடைமடைக்கு சம்பாவுக்கு முறை விட முடியாது, உளுந்து போட்டுக்குங்க. வருத்தத்தோடதான் சொன்னாங்க. அவங்க கணக்குல தப்பில்ல. நான் குடுத்த நம்பரை வச்சுத்தானே அவங்க போட முடியும்.

அஞ்சு நாள் எழுதுன பொய்யி, சார், சட்டம் மாதிரி ஆயிடுச்சு. நான் ஒரு வருஷத்துத் தண்ணியத்தான் எடுத்தேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

அதே மேடையில என்னைக் கூப்பிட்டாங்க. பதினெட்டு வருஷம் ஒரு நாள் விடாம பதிவு, ரெண்டு மாசத்துல ஓய்வுன்னு சொல்லி சால்வை போட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்ப மூணாவது வரிசையில தமயந்தி எழுந்திரிச்சுச்சு. எங்களுக்கு முறை இல்லன்னா நாங்க எங்க போறதுன்னு கேட்டுச்சு. அழுவல, கத்தல. அப்புறம் என் பக்கம் கையக் காட்டி, லஸ்கரண்ணனைக் குத்தம் சொல்ல முடியாது, அவரு முடிஞ்ச மட்டும் விட்டாரு, நான் நேர்ல போயி பார்த்தேன்னு சொல்லிட்டு உட்கார்ந்துச்சு.

நான் சால்வையோட நிக்கறேன். மைக்கு என் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. வாயத் தொறந்திருக்கணும். நன்றின்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன்.

ஓய்வுக்கப்புறம் தூக்கம் போச்சு. கார்த்திகையில ஒரு நாள் வீட்ல சொல்லாம பஸ் ஏறி வெள்ளிக்கரம்பைக்குப் போனேன். அந்த வருஷம் அங்க முறை விடல, மேடம் சொன்ன மாதிரியே. வயல்ல உப்பு பூத்துக் கெடக்கு. தமயந்தி ஊர்க் குளத்துல நூறு நாள் வேலையில மண்ணு வெட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே மேல ஏறி வந்து, வாங்கண்ணேன்னுச்சு. ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் சொன்னேன்.

முடிச்சப்புறம் கேட்டுச்சு.

"எவ்வளவு தூக்குனீங்க?"

"ஒரு சாண்."

"நான் சாக்கு வைக்கறேன்னு சொன்னப்பவும் தொறந்துதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

மண்வெட்டியில ஒட்டுன மண்ண வெரலால வழிச்சு எடுத்துச்சு. பூரா வழிச்சு முடிக்கிற வரைக்கும் நிமிர்ந்து பார்க்கல.

"அன்னிக்கு நாங்க ஊருக்குத் திரும்புனப்ப நாப்பது பேரு டிராக்டர்ல ஏறி நின்னாங்கண்ணே. மேல எவனோ திருடறான், போயி ஷட்டரை ஒடைப்போம்னு. நாந்தான் எறக்கி விட்டேன். நான் பார்த்துட்டு வந்தேன், திருட்டு ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்ணுனேன்."

அவங்க வந்திருந்தா தண்ணி போயிருக்கும் சார். ரெண்டு நாள் மிச்சம் இருந்துச்சு. வரவிடாம தடுத்தது தமயந்தி வார்த்த, அந்த வார்த்தைய குடுத்தது நான். எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது. மன்னிச்சிடும்மான்னேன். அது மண்வெட்டியத் தோள்ல வச்சுக்கிச்சு. நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே, நான் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டு, திரும்பக் குளத்துக்குள்ள எறங்கிப் போயிடுச்சு.

நான் அதை மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டேன். என்னைக் காட்டிக் குடுக்காம மறைக்கப் போவுதுன்னு நெனச்சேன். திரும்பி வர்ற பஸ்ல நல்லாத் தூங்குனேன், எறங்க வேண்டிய ஊர்ல கண்டக்டர்தான் எழுப்பி விட்டாரு. வீட்ல வந்து ரெண்டு வேளை சாப்பாட்ட ஒண்ணா சாப்பிட்டேன்.

பத்து நாள் கழிச்சு, அந்தப் பக்கம் பால் எடுக்கிற ஒருத்தரு சொன்னாரு. தமயந்தி ஊர்க்கூட்டத்துல எழுந்திரிச்சு நின்னு, நான் பார்த்துட்டு வந்தேன்னு பண்ணுன சத்தியம் பொய்யி, நான் ஷட்டரைப் பார்க்கல, ஒருத்தர் சொன்னதக் கேட்டேன், சாப்பாடு போட்டாரு, சாப்பிட்டேன், நம்பிட்டேன்னு சொல்லிடுச்சாம். என்னை யாருன்னும் சொல்லியிருக்கு, நான் வந்து ஒத்துக்கிட்டதையும் சொல்லியிருக்கு. எதையும் மறைக்கல.

சரி, இனிமே வருவாங்கன்னு இருந்தேன். வீட்ல ஷட்டரைத் தொறந்ததச் சொல்லிட்டேன். மங்கைக்கு ஆள் விட்டுச் சொன்னேன். அது வந்து எதிர்ல நின்னு, "உங்கள யாருப்பா தொறக்கச் சொன்னது? எங்க மாமனாரு வாய்க்கு வந்ததப் பேசுவாரு. நான் வந்து கேட்டேனா?" அப்படின்னுச்சு. எல்லாம் அதோட வாழ்க்கைக்காகத்தான்னு நான் மனசுக்குள்ள வச்சிருந்தேன். அதுக்கு மேல அதையும் சொல்ல முடியல. கோதண்டபாணி வரவே இல்ல. தொறன்னு நான் அவங்கிட்டச் சொன்னேனான்னு ஆலந்திடல்ல கேட்டுக்கிட்டு இருக்காராம். சொல்லலதான்.

காலையில குளிச்சு வேட்டி கட்டிக்கிட்டு இதே எடத்துல உட்கார்ந்திருப்பேன். டிராக்டர் சத்தம் கேட்டா எழுந்திரிச்சு நிப்பேன். அடிக்கட்டும், போலீசுக்குச் சொல்லட்டும், என்ன வேணா செய்யட்டும்னு. ஒரு மாசம் உட்கார்ந்தேன். ஒருத்தரும் வரல.

அப்புறம் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். அருள்மொழி மேடம் மாத்தலாகிப் போயிட்டாங்க. புதுசா வந்தவரு என்னைக் கூப்பிட்டு, அறிக்கை மேல போயாச்சு, ஓய்வு வாங்கிட்டு நிம்மதியா இருக்கீங்க, ஏன் கெளர்றீங்கன்னு சொல்லி கடுதாசியத் திருப்பிக் குடுத்துட்டாரு. அதான் உங்கள விட மாட்டேங்கறேன். அந்த அஞ்சு நாளை எடுத்துட்டு நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க. வெயிலு குடிச்சது எவ்வளவு, நான் குடிச்சது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல உங்களால முடியும். என்னால முடியல.

போன திங்கக்கெழமை சந்தையில பக்கிரிசாமியப் பார்த்தேன். வெதை உளுந்து வாங்க வந்திருந்தாரு. ஒதுங்கிப் போயிடலாம்னுதான் மொதல்ல பார்த்தேன். அவரு பார்த்துட்டாரு. நேராப் போயி நின்னேன். தமயந்தி எப்படி இருக்குன்னு கேட்டேன்.

ஊர்ல யாரும் இப்ப அதோட பேசறதில்லன்னாரு. அன்னிக்கு டிராக்டரை விட்டு எறங்குன நாப்பது பேரு வீட்லயும் பேசறதில்ல. கருகுனது அத்தனையும் உன் வாயாலதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்களாம். குத்தகை நெலத்தையும் திருப்பிக் கேட்டுட்டாங்க. அடுத்த மாசம் புருஷங்கிட்ட திருப்பூருக்குப் போவப் போவுதாம்.

எனக்குத் தாங்கல சார். தப்பு பண்ணுனது நானு, எம்மேல யாருக்கும் கோவம் இல்லையா, ஏன் ஒருத்தரும் வரலன்னு கேட்டுட்டேன். சந்தைன்னு பார்க்காம கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன்.

அவரு உளுந்துப் பைய ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்கு மாத்துனாரு. கோவமா எல்லாம் பேசல, ஒரு வெவரம் சொல்ற மாதிரி சொன்னாரு.

"உம்மேல என்ன தம்பி கோவம்? நீ மேலத் தண்ணிக்காரன். உங்கிட்ட நாங்க ஒண்ணும் எதிர்பார்க்கலையே. அவ எங்க ஊருக்காரி."

சொல்லிட்டு பஸ் ஏறப் போயிட்டாரு. ரெண்டு அறை விட்டிருந்தாருன்னா வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்.